பவெல்னா என்றால் பருத்தி

என் சுடிதாரின் அளவு எக்ஸ்எல் என்பதும், அதில் பருத்தி நூற்றுக்கு அறுபது பங்குதான் என்பதும் வேலம்பாளையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும், சத்துணவு ஆயாவுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்கும் தெரியும். ஐம்பத்தாறு வயதுவரை சேலையைத் தவிர எதையும் உடுத்தாத நான் அந்தச் சுடிதாரை வாங்கியதே ஒரு மாணவியின் கண்ணில் படுவதற்காகத்தான்.

போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் சிறப்பாசிரியர் அவள். சுறுசுறுப்பான பெண்.

"மேடம், ஆட்டிசம் இருக்கற புள்ளைங்கள மத்த புள்ளைங்ககூடப் பழக வெக்கறதுக்கு நீங்க ஒரு மெத்தட் வெச்சிருந்தீங்களாமுங்க. அத ரெண்டு பக்கத்துல எழுதி அனுப்புங்க மேடம். ஃபைல்ல வெக்கோணும்."

மெத்தட் என்று அவள் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது மெத்தட் இல்லை கண்ணு, நான் வரிசையாகச் செய்த தப்புகள் என்றேன். நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன், ஆனால் இரண்டு பக்கத்தில் அடங்காது என்றேன். "பரவால்லீங் மேடம், நான் சுருக்கிக்கறேன்" என்றாள். சுருக்கிக்கொள்ளட்டும்.

நான் மடத்துக்குளத்துக்காரி. கல்யாணமாகித் திருப்பூர் வந்து, ஒன்பது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் பனியனை விரித்துப் பார்த்து, தையல் விட்டிருந்தாலோ ஓட்டை இருந்தாலோ அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போட வேண்டும். அப்புறம் தபாலில் படித்து ஒரு பட்டம், அதற்கு மேல் சிறப்புக் கல்விப் பயிற்சி, அதற்கும் மேல் இந்த வேலை. பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததும் ஏறக்குறைய செக்கிங்தான். பிள்ளையிடம் என்னென்ன இல்லை என்று பட்டியல் போடு. கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, வணக்கம் சொல்லவில்லை, சேர்ந்து விளையாடவில்லை. இல்லாததை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடு. இது பழுதான பீஸ் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனாலும் ரொம்ப வருடங்களுக்கு அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் என் கையிலேயே இருந்திருக்கிறது.

நான் தினமும் போய்வந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சென்னியப்பன் சார் தலைமையாசிரியர். அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. எதைக் கேட்டாலும் அவர் ஒரே பதில்தான் சொல்வார்: "பாக்கலாமுங்க." ஆம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். புதிதாக வந்த ஆசிரியர்கள் தவித்துப் போவார்கள். பழகியவர்களுக்குத்தான் சூட்சுமம் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "பாக்கலாமுங்க" என்றால் நடக்காது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னால் நடக்கும். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சொன்னால், அதே நிமிடம் எழுந்து போய் அவரே செய்துவிடுவார் என்று அர்த்தம். லீவு கேட்டுவிட்டு வெளியே வருபவர்களிடம் நாங்கள் "குடுத்தாரா?" என்று கேட்க மாட்டோம். "கண்ணாடியக் கழட்டினாரா?" என்றுதான் கேட்போம். பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு திருப்புளி எப்போதும் குத்தியிருக்கும். ஆடும் பெஞ்சு, ஒழுகும் குழாய், கத்தும் கதவு எதையும் அவரால் சும்மா கடந்து போக முடியாது.

தாரணி அப்போது ஏழாம் வகுப்பு. அம்மா கோமதி ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவர். குழந்தையிலிருந்தே மகளுக்கு விளையாட்டுச் சாமான் என்று அவர் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் கம்பெனியில் மிஞ்சிப்போன லேபிள்கள். பனியனின் கழுத்துக்குப் பின்னால் இருக்குமே, அளவு, துணியின் சேர்மானம், எப்படித் துவைக்க வேண்டும் என்று சின்ன எழுத்தில் அச்சடித்த பட்டைகள், அவைதான். தாரணி அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தாள். பாடப் புத்தகத்தைத் திறக்க அரைமணி நேரமாகும். லேபிள் என்றால் முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

டின்னில் இருக்கும் லேபிளோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. ஊரில் நடமாடும் ஒவ்வொரு ஆளும் அவளுக்கு ஒரு லேபிளைச் சுமந்துகொண்டு போகிறவர்தான். பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவாள். காலரைப் பிடித்துத் திருப்புவாள். "சைஸ் எம். நூறு பர்சென்ட் காட்டன்" என்று படிப்பாள். போய்விடுவாள். அவளிடம் துளியும் விஷமமில்லை. ஆனால் கழுத்தில் திடீரென்று ஒரு கை விழுந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? பெண் பிள்ளைகள் கத்துவார்கள். டீ-ஷர்ட் போடும் விளையாட்டு ஆசிரியர்மேல் அவளுக்குத் தனிப் பிரியம். பாவம், அவர் சுவரோடு முதுகை ஒட்டியே நடக்கப் பழகிவிட்டார்.

என்னை மட்டும் அவள் ஏறிட்டும் பார்த்ததில்லை. நான்கு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்தும் நான் இருப்பதாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் என் முதுகுப் பக்கம் வந்து, சேலையைப் பார்த்து, ரவிக்கையின் பின்கழுத்தைப் பார்த்து, "டீச்சருக்கு லேபிள் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை அத்தோடு என் கதை முடிந்தது.

அந்த வருடம்தான் அந்தச் சம்பவம் நடந்தது. பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்திருந்தார். நல்ல மனிதர். திறப்பு விழா மேடையில் மைக்கைப் பிடித்தவர் பிள்ளைகளுக்கு உழைப்பின் பெருமையைச் சொன்னார், திருப்பூரின் பெருமையைச் சொன்னார், கடைசியாகத் தன் பெருமைக்கு வந்தார். "நமக்குச் சோறு போடறது பருத்திங்க. அதனால எம் மேல பருத்தியத் தவிர இன்னொரு நூலு படாதுங்க." எல்லோரும் கைதட்டினார்கள். தாரணி எப்போது முன்வரிசையிலிருந்து எழுந்து மேடைக்குப் பின்னால் போனாள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கும்போது அவள் கை அவர் காலரில் இருந்தது.

"சைஸ் நாப்பத்திரண்டு. பாலியஸ்டர் அறுபத்தஞ்சு. காட்டன் முப்பத்தஞ்சு."

மைக் அதை ஒரு எழுத்து விடாமல் வாங்கி மைதானத்துக்கே சொன்னது. அப்புறம் பள்ளிக்கூடமே சிரித்த சிரிப்பு பக்கத்துச் சாயப்பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும். முதலாளியும் சிரித்தார். "சம்சாரம் வாங்கிக் குடுத்ததுங்க" என்று சமாளித்தார். அவர் அதை அங்கேயே மறந்துவிட்டார். அவருக்காகக் கோபப்பட்டவர்கள்தான் மறக்கவில்லை.

மறுநாள் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவரான மாணிக்கம் சொன்னார்: "ஏனுங் சார், அந்தப் புள்ளைய வையறமுன்னு நெனைக்காதீங்க. ஊட்ல வெச்சே படிக்க வெக்கறதுக்குத் திட்டம் இருக்குதாமுங்களே. டீச்சர் வாரத்துக்கு ஒருக்கா ஊட்டுக்குப் போய்ச் சொல்லிக் குடுத்தாப் போச்சுங்க. நாளைக்கு ஆராச்சும் அதிகாரி வந்து, அவுங்க கழுத்தப் புடிச்சா என்னங்க பண்றது?"

"பாக்கலாமுங்க" என்றார் சார். நான் உன்னிப்பாகக் கவனித்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றவில்லை. பேனா மேசையிலேயே திறந்து கிடந்தது. அவர்கள் போன பிறகு, "டீச்சர், அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் நான் தாக்குப் புடிப்பனுங்க. அதுக்கு மேல எனக்குச் சொல்றதுக்கு ஏதாவது வேணுமுங்க" என்றார்.

கோமதியிடம் இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"ஊட்ல வெச்சா நான் பூட்டிட்டுத்தானுங்க வேலைக்குப் போகோணும். முன்ன ஒரு வருசம் அப்பிடித்தான் போனனுங்க டீச்சர். ஷிப்ட் முடிஞ்சு வந்து கதவத் தொறந்தா, கதவுக்கிட்டயே நின்னுட்டிருப்பா. அழுக மாட்டா, ஒண்ணுஞ் சொல்ல மாட்டா. எத்தன நேரமா நின்னாளோன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க."

அன்றைக்கு இரவே என் பழைய பயிற்சி நோட்டுகளை எடுத்துத் தூசி தட்டினேன்.

பயிற்சியில் படித்ததைத்தான் முதலில் எடுத்தேன். அட்டை எழுதினேன்: 'வணக்கம். என் பெயர் தாரணி. உன் பெயர் என்ன?' இரண்டே நாளில் தாரணி அதை ஒரு சொல் பிசகாமல் கற்றுக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் தன் வகுப்பு அபிநயாவிடம் போய்ச் சொன்னாள். அபிநயா பெயரைச் சொன்னாள். தாரணி நாலடி நடந்து, திரும்பி வந்து, "வணக்கம். என் பெயர் தாரணி. உன் பெயர் என்ன?" மதியம் வரை இதுவே நடந்தது. கடைசியில் அபிநயா என்னிடம் வந்தாள். "டீச்சர், எம்பேரு இன்னும் மாறலீங்க டீச்சர். அவகிட்டக் கொஞ்சம் சொல்லிருங்க."

அடுத்து ஷாகுல். எட்டாம் வகுப்பு. தெற்கேயிருந்து வந்து டீக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவனுக்கும் ஆட்டிசம். அவன் உலகம் நாடுகளும் தலைநகரங்களும்தான். எதிரே வருகிறவரை நிறுத்தி, "மங்கோலியாவுக்குத் தலைநகரம் என்ன?" என்பான். தெரிந்தால் தலையாட்டிவிட்டுப் போவான். தெரியாவிட்டால் விடையைச் சொல்லிவிட்டுப் போவான். அதற்கு மேல் அவனுக்கும் நமக்கும் பேச்சில்லை. இவனுக்கும் சிநேகிதர் இல்லை, அவளுக்கும் இல்லை, இருவருக்கும் ஆட்டிசம், சேர்த்து உட்கார வைத்தால் ஒட்டிக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். எங்கள் வள அறையில், அதாவது பழைய ஆய்வகச் சாமான்கள் கிடந்த அறையில், பரமபதம் விரித்து இருவரையும் உட்கார வைத்தேன். ஷாகுல் தாயத்தை உருட்டாமல் என்னிடம் பெருவின் தலைநகரம் கேட்டான். தாரணி பலகையைக் குப்புறக் கவிழ்த்து அது எங்கே தயாரானது என்று தேடினாள். பாம்பும் ஏணியும் தரையைப் பார்த்துக் கிடந்தன. இரண்டு வாரம் இருவரும் முதுகுக்கு முதுகு காட்டியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரே மாதிரி மருத்துவச் சான்றிதழ் இருக்கிறவர்களுக்கு ஒரே ஆசை இருக்கும் என்று நான் எப்படித்தான் நினைத்தேனோ! எனக்கும் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரருக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது. அதற்காக எங்கள் இருவரையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து "பேசிக்குங்க" என்றால் என்ன பேசுவோம்?

அதன்பின் ஒரு வெள்ளிக்கிழமை சும்மா உட்கார்ந்து அவளைக் கவனித்தேன். ஒரு நாளில் அவள் எத்தனை பேரிடம் போகிறாள் என்று பார்த்தபோது நானே அசந்துபோனேன். பள்ளியில் மிகவும் கலகலப்பானவள் என்று பெயரெடுத்த அபிநயாகூட அத்தனை பேரிடம் போகவில்லை. பழக மாட்டாள் என்று நான் ஃபைலில் எழுதியிருந்த பெண் விடிந்ததிலிருந்து ஆட்களைத் தேடித்தான் போய்க்கொண்டிருந்தாள். போகும் முறைதான் தப்பு. அப்படியானால் நான் அவளை எங்கும் இழுத்துப் போக வேண்டியதில்லை. அவள் போகிற பாதையில் நான் போய் நின்றால் போதும். அங்கே நிற்க வேண்டுமானால் எனக்கு ஒரு லேபிள் வேண்டும்.

என் கணவர் பனியன் கம்பெனி டெய்லர். நான் சுடிதாரோடு வீட்டுக்கு வந்ததும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்புள்ள, திடீர்னு?"

"ஒருத்தி என்னயப் பாக்கோணும். அதுக்குத்தான்."

"பாக்கட்டும். அதுக்கு எதுக்கு என்கிட்டக் குடுக்கற?"

"கழுத்துல இருக்கற லேபிளப் பிரிச்சு, கை மணிக்கட்டுக்கிட்ட வெளிய தெரியற மாதிரித் தெச்சுக் குடுங்க."

"முப்பது வருசமா லேபிள உள்ள வெச்சுத் தெச்சவன் நான். வெளிய வெச்சுத் தெச்சேன்னு கம்பெனியில தெரிஞ்சா என்னயக் கேட்டுக்கு வெளிய வெச்சிருவாங்க" என்றார். தைத்தும் கொடுத்தார்.

திங்கட்கிழமை நான் வராந்தாவில் நடந்து போனதை ஆசிரியர் அறையே கதவிடுக்கில் வேடிக்கை பார்த்தது. தாரணி என் மணிக்கட்டைப் பார்த்தாள். ஓடி வந்தாள். நான் லேபிள் இருந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையை விரித்து நீட்டிக் காட்டினேன். "லேபிள் பாக்கலாமா? அப்பிடின்னு கேளு கண்ணு."

அதை நாங்கள் பழகிய விதத்தை அப்படியே சொல்கிறேன், கீர்த்தனா குறித்துக்கொள்ளட்டும். பின்னால் வரக்கூடாது, முன்னால் வர வேண்டும். ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். உள்ளங்கையை விரித்து நீட்டி, "லேபிள் பாக்கலாமா?" என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை கையை நகர்த்தக் கூடாது. 'சரி' என்றால் பார்க்கலாம். 'வேண்டாம்' என்றால் விரித்த கையை மூடிக்கொண்டு போய்விட வேண்டும். நான் அதிகம் பழக்கியது அந்த 'வேண்டாம்' என்ற பதிலைத்தான். ஒரு நாளைக்கு முப்பது தடவை நான் வேண்டாம் சொல்வேன். அவள் கையை மூடிக்கொண்டு போவாள். அவளும் என்னிடம் வேண்டாம் சொல்லலாம் என்றேன். அதில் அவளுக்கு ஒரே குஷி. கணக்கு நோட்டைக் காட்டு என்றாலும் வேண்டாம் என்றாள், சாப்பிட வா என்றாலும் வேண்டாம் என்றாள். எதிர்பார்த்ததற்கு மேலாகவே கற்றுக்கொண்டாள். கழுத்துகள் தப்பின. விளையாட்டு ஆசிரியர் மறுபடியும் வராந்தாவின் நடுவில் நடக்க ஆரம்பித்தார்.

இங்கேதான் எனக்குப் பேராசை பிடித்தது. லேபிளுக்காக இவ்வளவு செய்கிறவள் இன்னும் என்னவெல்லாம் செய்வாள்! பிஸ்கட் டின்னை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஐந்து பேரிடம் போய் இரண்டு வரி பேசிவிட்டு வந்தால் ஒரு லேபிள். முதல் நாள் பேசினாள். இரண்டாம் நாளும் பேசினாள். ஃபைல் ஜொலித்தது. மூன்றாம் நாள் பேசவில்லை. நாலாம் நாள் என் மணிக்கட்டைக்கூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாள் என்று கோமதி வந்து சொன்னார்.

சார் அப்போது வள அறைக் கதவின் கீலைத் திருப்புளியால் முடுக்கிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"டீச்சர், உங்களுக்குக் காப்பி புடிக்குமில்லீங்களா?"

"புடிக்குங் சார்."

"நாளையிலிருந்து அஞ்சு பேருக்கு வணக்கம் வெச்சுட்டு வந்தாத்தான் காப்பின்னு ஒரு சட்டம் போடறனுங்க. என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு நாள் வெப்பனுங் சார்."

"மூணாம் நாளு?"

மூன்றாம் நாள் எனக்குக் காப்பியும் பிடிக்காது, அந்த ஐந்து பேரையும் பிடிக்காது. கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். சத்தம் நின்றிருந்தது. போய்விட்டார்.

டின்னை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். "தப்பு பண்ணிட்டேன் தாரணி. இது உன்னோடது. இனி தொட மாட்டேன்" என்றேன். அவள் அதைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. அந்த இரண்டு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு பிள்ளைக்கு இருந்த ஒரே சந்தோஷத்தைக் கூலியாக்கிக் கெடுத்துவிட்டேனே என்று, ஜெபம் செய்யும்போதுகூட அந்த டின்தான் கண்முன் வந்தது. மூன்றாம் நாள் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் மூடிவிடுவாளோ என்று பயம்.

அதற்கடுத்த வாரம் கோமதி கம்பெனியிலிருந்து புதுவகை லேபிள் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அச்சு கொஞ்சம் தள்ளிப் போனதால் கழித்துப்போட்டது. பல நாட்டுக்குப் போகும் சரக்கு என்பதால் அத்தனை நாட்டு மொழியிலும் அச்சடித்து, புத்தகம் போல மடித்துத் தைத்திருந்தார்கள். தாரணி தையலைப் பிரித்து அதைத் தரையில் நீளமாக விரித்தாள். குப்புறப் படுத்துக்கொண்டு விரலால் படித்தபடி ஊர்ந்தாள்.

ஷாகுல் தன் அட்லஸைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். தாண்டிப் போகக் காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே நின்றது. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் இரண்டு ஆங்கில எழுத்து இருந்தது. அவன் மெல்லக் குந்தி உட்கார்ந்தான்.

"PL. போலந்து. தலைநகரம் வார்சா" என்றான், தரையிடம்.

தாரணி நிமிரவில்லை. அதே வரியில் விரலை வைத்து, "பவெல்னா" என்றாள்.

"FI. ஃபின்லாந்து. ஹெல்சிங்கி."

"பூவில்லா."

"HU. ஹங்கேரி. புடாபெஸ்ட்."

"பமுட்."

நான் வருகைப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவன் ஒரு நாட்டைச் சொன்னான், அவள் ஒரு சொல்லைச் சொன்னாள். கடைசி வரியில் ஷாகுல் கேட்டான், அதுவரை யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியை. தனக்கு விடை தெரியாத கேள்வி.

"பவெல்னான்னா என்ன?"

"காட்டன்" என்றாள் தாரணி. "எல்லாமே காட்டன்தான். வேற வேற ஊர்ல வேற வேற மாதிரி சொல்றாங்க."

அவள் தானாக ஒருவருக்கு ஒன்றை விளக்கிச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் முறை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. என் ஃபைலின் முதல் வரி 'கண்ணைப் பார்த்துப் பேசுதல்'. அன்றைக்கு அந்த வரியை அடித்துவிட்டேன்.

அதன்பின் மதிய இடைவேளையில் அந்த நீள லேபிள் தினமும் தரையில் விரிந்தது. கதவைத் திறந்தே வைத்தேன், யாரையும் கூப்பிடவில்லை. அபிநயாதான் முதலில் எட்டிப் பார்த்தாள். "என்னடி இது?" என்றவளுக்குத் தாரணி சொன்ன பதில் "பவெல்னா". அவ்வளவுதான், அந்தச் சொல் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. வராந்தாவில் எதிரே வருகிறவர்கள் "பவெல்னா!" என்பார்கள். தமிழாசிரியர் என்னிடம் வந்து மூச்சிரைக்கச் சொன்னார்: "டீச்சர், பருத்திக்கு இன்னொரு பேரு சொல்லுங்கன்னு கேட்டனுங்க. பஞ்சுன்னு சொல்லுவாங்கன்னு பாத்தா, ஒரு கிளாஸே பவெல்னாங்குது!"

பிள்ளைகள் வீட்டிலிருந்து லேபிள்களை வெட்டிக்கொண்டு வந்து தங்கள் அடையாள அட்டைக் கயிற்றில் வெளியே தொங்கவிட்டார்கள். அதைத் தொங்கவிட்டிருப்பவரிடம் தாரணி வந்து கை நீட்டிக் கேட்பாள் என்பது எழுதாத விதி. ஒரு குறும்புக்காரன் தாளில் 'நூறு சதம் தங்கம்' என்று எழுதித் தொங்கவிட்டு வந்தான். தாரணி முறைப்படி கேட்டாள், பார்த்தாள். "இது துவைச்சாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவனைப் பார்த்துத்தான் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். மறுநாள் அவன் அசல் லேபிளோடு வந்து வரிசையில் நின்றான்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்து குழுக் கூட்டம் நடந்தது. மாணிக்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். அபிநயா அவர் மகள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அந்தப் புள்ள விசயமுங்க சார். எம்புள்ள நேத்து எங்கிட்ட வந்து கைய நீட்டி 'அப்பா, லேபிள் பாக்கலாமா?'ன்னு கேட்டாளுங்க. நான் வேண்டாம்னதும் பேசாமப் போயிட்டா. பதிமூணு வருசத்துல நான் வேண்டாம்னு சொல்லி அவ கேட்டது அதுதானுங்க மொத தடவ." எல்லோரும் சிரித்தார்கள். "அதனால, அந்தப் புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க" என்று உட்கார்ந்தார்.

சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். இந்த முறை "பாக்கலாமுங்க" என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

இத்தோடு முடித்தால் கீர்த்தனாவின் ஃபைலுக்கு அழகாக இருக்கும். ஆனால் என் வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த வாரம் இதற்குப் பிறகுதான் வந்தது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வள அறையிலிருந்து கூச்சல் கேட்டது. ஓடினேன். புதிதாக வந்த ஒரு லேபிளில் CH என்று இருந்திருக்கிறது. ஷாகுல் அதைச் சைனா என்றான். தாரணி இல்லை என்றாள். நாடுகள் விஷயத்தில் ஷாகுலிடம் அதுவரை யாரும் 'இல்லை' என்று மறுத்ததில்லை.

"சி, ஹெச், சைனா! பெய்ஜிங்!"

"சைனா இல்ல. சைனாவுக்கு CN. அங்க பொம்ம மாதிரி எழுத்து இருக்கு. CH ஜெர்மனிகூட நிக்குது. பௌம்வோலேன்னு இருக்கு. சைனாக்காரங்க பௌம்வோலேன்னு சொல்ல மாட்டாங்க!"

"நாடு எனக்குத்தான் தெரியும்!"

"லேபிள் எனக்குத்தான் தெரியும்!"

அவன் அட்லஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் லேபிளை மடித்து டின்னில் போட்டு மூடினாள். என் முன்னால் வந்து நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர்மீது புகார் சொன்னாள். "ஷாகுல்கூடக் காய். பேச மாட்டேன்."

சாயங்காலம் கோமதி வந்ததும் பக்குவமாகச் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சண்டையாங்க? எம்புள்ளயா? ஆருகூடங்க?"

"ஷாகுல்கூட. காய் உட்டுட்டாளாம்."

சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. "காய் உடறதுக்கு எம்புள்ளைக்கு ஒரு ஆளு கெடச்சிருச்சுங்களா டீச்சர்!"

திங்கள், செவ்வாய், புதன். இருவரும் அறையின் இரண்டு மூலையில். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போய்ச் சமாதானம் பேசு, அட்டை எழுது, 'மன்னித்துக்கொள்' பழக்கு என்று என் பயிற்சியெல்லாம் உள்ளே பறந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை ஷாகுல் எழுந்தான். அட்லஸைத் தூக்கிக்கொண்டு அறையைக் கடந்து போனான். தாரணிக்கு ஒரு கை தூரத்தில் நின்றான்.

"CH சைனா இல்ல" என்றான், அட்லஸிடம். "ஸ்விட்சர்லாந்து. தலைநகரம் பெர்ன்."

தாரணி அவனைப் பார்க்கவில்லை. டின்னைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அது இருந்த இடத்தைக் கையால் துடைத்துவிட்டாள். அவன் அங்கே உட்கார்ந்தான்.

நான் பதிவேட்டை மூடிவிட்டு, காப்பி குடிக்கப் போனேன்.